குதிரை நிற்கிறதா, படுத்திருக்கிறதா?

கிள்ளானில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், முறுக்கு டின்னுக்கும் தண்ணீர் ஜக்குக்கும் நடுவே ஒரு கைத்துப்பாக்கி கிடந்தது.

அன்று சனிக்கிழமை. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வானொலி நிலையத்தை விட்டு இறங்கும்போதே அக்காவிடமிருந்து நான்கு முறை அழைப்பு வந்திருந்தது. திரும்பக் கூப்பிட்டால், "போன்ல சொல்ல முடியாது, நீ கிளம்பி வா" என்கிறாள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். போய்ப் பார்த்தால் இது.

கறுப்பு நிறம். பிடியில் சொரசொரப்பு. மேல் பகுதியில் இரும்பு போலவே மங்கிய பளபளப்பு. அக்கா மகனுக்கு வயது 19, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "சித்தி, இது விளையாட்டுச் சாமான். தண்ணியில ஊறப்போட்ட ஜெல் உருண்டைதான் வரும். ஒன்லைன்ல 160 ரிங்கிட். அம்மா சும்மா பயப்படுறாங்க" என்றான்.

அக்கா பயந்ததில் ஆச்சரியம் இல்லை. எனக்கே வயிற்றைப் பிசைந்தது. காரணம், அதே உருவத்தில் நிஜமான ஒன்றை மூன்று மாதத்துக்கு முன்னால்தான் கையில் பிடித்திருந்தேன். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு நடுவில் துப்பாக்கிக் கதை யாருக்கு வேண்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

கூட்டிப் போனவள் என் தோழி. கணக்காய்வாளர். வாரம் முழுக்க எக்செல், ஞாயிறானால் துப்பாக்கிச் சுடும் சங்கம். ஓரிடத்தில் நின்று சுடும் ஒலிம்பிக் வகை இல்லை. நகர்ந்துகொண்டே, மணி பார்த்துச் சுடும் ஐ.பி.எஸ்.சி. வகைப் போட்டி அவளுக்குப் பிடித்தது. புதியவர்களுக்கான அறிமுக வகுப்பு ஒன்று இருந்தது, பயிற்றுநர் பக்கத்திலேயே நிற்பார். "ரேடியோவுல வாய் பேசுது, ஒரு நாள் கையும் பேசட்டும் வாடி" என்றாள்.

முதல் 40 நிமிடம் ஒரு தோட்டாவைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. வெறும் துப்பாக்கி. சி.ஸெட். பி-09 என்று பெயர். செக் நாட்டுத் தயாரிப்பு. 1975-இல் கௌட்ஸ்கி சகோதரர்கள் வடிவமைத்த சி.ஸெட். 75 என்ற புகழ்பெற்ற இரும்புத் துப்பாக்கியின் வழியில் வந்த பிள்ளை. அப்பா முழுக்க இரும்பு, தோட்டா இல்லாமலே சுமார் 1 கிலோ. பிள்ளைக்கு மேல் பகுதியும் குழலும் மட்டும்தான் இரும்பு; பிடியும் உடல் சட்டமும் பாலிமர். அதனால் எடை குறைவு. ஆனாலும் முழு அளவுத் துப்பாக்கி. மேகசினில் 19 தோட்டா பிடிக்கும். கைப்பை ஓரத்தில் ஒளித்து வைக்கிற சாமான் இல்லை.

பிடி எனக்குப் பெரிதாக இருந்தது. பிடியின் பின்புறத் தகட்டைக் கழற்றி மாற்றலாம், மூன்று அளவு தருகிறார்கள். சின்னதைப் போட்டதும் விரல் விசையை எட்டியது. அதற்குப் பிறகும் ஒரு தொல்லை. பெரும்பாலான துப்பாக்கிகளில் மேலே நகரும் ஸ்லைடு, உடல் சட்டத்தை வெளியிலிருந்து அணைத்தபடி ஓடும். சி.ஸெட். குடும்பத்தில் அது சட்டத்துக்கு உள்ளே ஓடுகிறது. இறுக்கமாக ஓடும், குறி நன்றாக அமையும் என்பார்கள். ஆனால் பிடித்து இழுக்க விரலுக்குக் கிடைப்பது ஒரு மெல்லிய விளிம்புதான். நம் ஊர் வெக்கையில் கை வியர்த்துப்போய் இரண்டு முறை வழுக்கியது. தோழி சிரித்தாள். பயிற்றுநர் சிரிக்கவில்லை. வழுக்கிய நேரத்தில் குழல் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை மட்டுமே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி அந்தச் சுத்தியல். துப்பாக்கியின் பின்பக்கம், கட்டைவிரலுக்கு மேலே, சின்னதாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். விசையை அழுத்தினால் அதுதான் முன்னால் பாய்ந்து ஊசியைத் தட்டும். ஊசி தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும். இன்று உலகத்தில் அதிகம் விற்கும் பாலிமர் துப்பாக்கிகளில் இந்தச் சுத்தியலே கிடையாது. 1982-இல் வந்த கிளாக் 17 அந்த வழியைத் திறந்துவிட்டது. ஊசியே உள்ளுக்குள் ஸ்பிரிங்கோடு காத்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. நம் போலீஸ்காரர்களின் இடுப்பில் பார்க்கும் ஜெர்மன் வால்தர் பி99-உம் சுத்தியல் இல்லாததுதான்.

அப்படியென்றால் பழைய முறையை ஏன் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள்? நான் கேட்டதற்குப் பயிற்றுநர் பதில் சொல்லவில்லை, துப்பாக்கியைக் காட்டினார். சுத்தியல் முன்னால் படுத்திருந்தது. "இப்போ அழுத்துங்க." அழுத்தினேன். விசை நீளமாக வந்துகொண்டே இருந்தது. ஒற்றை விரலால் அரிசி மூட்டையை நகர்த்துவது போல. ஏறத்தாழ 4, 5 கிலோ அழுத்தம். பாதி வழியில் கை நடுங்கி, முனை ஆடி, கடைசியில் டக்கென்று அடித்தது. பிறகு ஸ்லைடை இழுத்து, சுத்தியலைப் பின்னால் நிமிர்த்தி, மறுபடி கொடுத்தார். இந்த முறை விசை பாதிதான் கனம், தூரமும் கொஞ்சம்தான். நினைத்து முடிப்பதற்குள் அடித்துவிட்டது.

நிஜத்தில் சுடும்போது முதல் தோட்டாவுக்கு அந்த நீண்ட அழுத்தம். அது வெடித்த வேகத்தில் ஸ்லைடு பின்னால் போய்ச் சுத்தியலைத் தானே நிமிர்த்திவிடும். இரண்டாவதிலிருந்து எல்லாமே சுலபம். ஒரே துப்பாக்கிக்கு இரண்டு குணம். புதியவர்களுக்கு இது பெரிய குழப்பம்: முதல் அடி கீழே போகும், இரண்டாவது எதிர்பாராமல் கிளம்பும். என் இலக்குத் தாளில் நடந்ததும் அதுதான். முதல் தோட்டா தாளின் கீழ் ஓரத்தில், இரண்டாவது எங்கே போனது என்று மணல் திட்டுக்குத்தான் தெரியும். அந்த முதல் கனம் ஒரு தடுப்பு, அவசரத்தில் விரல் தவறினாலும் யோசிக்க ஒரு கணம் கொடுக்கும் என்பவர்கள் உண்டு. தேவையில்லாத தலைவலி என்பவர்களும் உண்டு. ஐந்து தோட்டா சுட்டவள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் எனக்கு அந்தக் கனம் பிடித்திருந்தது.

சுட்டு நிறுத்தியபின் சுத்தியல் நிமிர்ந்தே நிற்கும், உள்ளே அடுத்த தோட்டா தயாராக இருக்கும். அப்படியே உறையில் செருகினால் ஆபத்து. அதற்காக இடப்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல், டீகாக்கர் என்கிறார்கள். அழுத்தினால் சுத்தியல் சுடாமலே கீழிறங்கிவிடும். இந்த மாடலில் டீகாக்கருக்குப் பதில் சேஃப்டியைப் போட்டுக்கொள்ளவும் வழி உண்டு. தோழி அப்படித்தான் மாற்றி வைத்திருந்தாள். ஆனால் அவள் போட்டியிடும் பிரிவில் சுத்தியலை இறக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. டீகாக்கர் இல்லாததால், ஒரு கையின் கட்டைவிரலால் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் விசையை அழுத்தி, மெல்ல மெல்லக் கீழே விடுகிறாள். தோட்டா உள்ளே இருக்கும்போதே! விரல் வழுக்கினால் வெடிக்கும். குழல் மணல் திட்டைப் பார்த்தே இருந்தது என்றாலும் நான் மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தேன்.

இத்தனையும் தெரிந்துகொண்டுதான் அன்று அக்கா வீட்டு மேசையைப் பார்த்தேன். முழு அளவு, பாலிமர் பிடி, பின்னால் சுத்தியல். எல்லாம் இருந்தன.

மாலையில் பெரிய மாமா வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறார். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி, வடைப் பொட்டலத்தோடு கிள்ளான் வந்து இறங்கினார். போலீசில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் இடுப்பில் இருந்தது ஆறு தோட்டா பிடிக்கும் .38 ரிவால்வர். மேசையைப் பார்த்ததும் வடையை என் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "குதிரை நிக்குதா, படுத்திருக்கா?"

யாருக்கும் புரியவில்லை. பழைய தமிழில் துப்பாக்கியின் சுத்தியலுக்குக் குதிரை என்றுதான் பெயர். தோட்டத்துக் காவல்காரர்கள் பேசிய பேச்சு, மாமாவின் அப்பா வழியாக அவருக்கு வந்திருக்கிறது. பயிற்றுநர் 40 நிமிடம் சொன்னதை மாமா மூன்று வார்த்தையில் முடித்துவிட்டார். துப்பாக்கியைத் தொடும் முன் அது என்ன நிலையில் இருக்கிறது என்று கண்ணால் படி. குதிரை வெளியே இருந்தால் தூரத்திலிருந்தே படிக்கலாம். "பி99-க்குக் குதிரை இல்ல. ஆனா இழுத்து வச்சிருந்தா பின்னால ஒரு செவப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும். ஏதோ ஒண்ணு காட்டிக் குடுக்கணும்மா. இல்லேன்னா மனுசன் மறந்துடுவான்."

பிறகு எடுத்தார். விரல் விசைப்பக்கம் போகவில்லை, உடலோடு நீட்டியே இருந்தது. குழலை யாரும் இல்லாத வெளிச்சுவர் பக்கம் திருப்பினார். மேகசினை உருவினார். ஸ்லைடை இழுத்து உள்ளே பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தார். உள்ளேயிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஜவ்வரிசி மாதிரி நான்கு உருண்டைகள் தரையில் உருண்டன. அக்கா மகன் சிரித்துவிட்டான்.

"சிரிக்காதே தம்பி. இதோட குதிரையத் தொட்டுப் பாரு." தொட்டான். அசையவில்லை. அச்சில் வார்த்த பிளாஸ்டிக், உடலோடு ஒட்டியது. எப்போதும் நிமிர்ந்தே நின்றது. "பத்தடி தள்ளி நிக்கிறவனுக்கு இது எப்பவும் சுடத் தயாரா இருக்கிற துப்பாக்கி. இத நீ கையில வச்சிருந்தா, நான் டியூட்டில இருந்தா, நான் என்ன செய்யட்டும் சொல்லு."

"முனையில ஆரஞ்சு மூடி இருந்துச்சு தாத்தா. அசிங்கமா இருக்குன்னு கழட்டிட்டேன்."

அமெரிக்காவில் கிளீவ்லேண்டில் 2014 நவம்பரில் பூங்காவில் விளையாடிய டமிர் ரைஸ் என்ற பையனை நான் அப்போது நினைத்துக்கொண்டேன். வயது 12. கையில் நிஜம் போலிருந்த பொம்மைத் துப்பாக்கி, ஆரஞ்சு முனை இல்லை. போலீஸ் கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சுடப்பட்டான். மறுநாள் இறந்துபோனான். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. அக்கா பக்கத்தில் இருந்தாள். இப்போது எழுதுகிறேன், அவன் படிப்பான்.

சட்டமும் அவனுக்குத் தெரியாது. நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு போலித் துப்பாக்கிக்கானது: ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். நிஜத் துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. ஒன்லைன் கடையில் 'பொம்மை' என்று போட்டு விற்பதால் அது பொம்மை ஆகிவிடாது. கடைக்காரன் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. பொட்டலத்தின் மேல் இருப்பது வாங்கியவன் பெயரும் வீட்டு முகவரியும்தான்.

சரி, இதை என்ன செய்வது? அக்கா, "சுத்தியால அடிச்சு நொறுக்கிக் குப்பையில போட்டுடலாம்" என்றாள். அத்தான் கிள்ளான் ஆற்றைச் சொன்னார். மாமா மட்டும், "போலீஸ் நிலையத்துல ஒப்படைப்போம்" என்றார்.

அதுவரை பேசாமல் இருந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். "வேணாம்ணே. கணபதி கதை தெரியாதா உங்களுக்கு?"

என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் பாடப்புத்தகத்தில் கிடைக்கவில்லை. அம்மாவுக்குப் பாட்டி சொன்னது. எஸ்.ஏ. கணபதி, மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். 1948-இல் அவசரகாலச் சட்டம் வந்தபிறகு, அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை. 1949 மார்ச்சில் அவரைப் பிடித்தார்கள். ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டா. இந்திய அரசாங்கம் கருணை கேட்டும் பலிக்கவில்லை. மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தச் சிறை இருந்த இடத்தில் இப்போது லாலாபோர்ட் பேரங்காடி நிற்கிறது. நானே அங்கே செருப்பு வாங்கியிருக்கிறேன். துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைக்கத்தான் எடுத்துப் போனேன் என்று கணபதி சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. பாட்டி அதை முழுக்க நம்பியிருக்கிறார். தோட்டத்து வீட்டில் துப்பாக்கி என்ற சொல்லையே எடுக்க விடமாட்டாராம்.

பிளாஸ்டிக் சாமானுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம் அம்மாவின் கையில் தெரிந்தது. 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் பெரும்பகுதி இந்தியர்கள் என்று எல்லாத் தாளிலும் வந்தது. அதற்கு அடுத்த மாதங்களில் செய்தி வாசிக்கும்போது ஒவ்வொரு பெயரும் நம் பிள்ளைகள் பெயராக வந்ததை நானே நிலையத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். 19 வயது, தமிழ்ப் பையன், கிள்ளான், கையில் துப்பாக்கி. அம்மாவுக்கு அந்த வரிசை மனப்பாடம்.

மாமா அம்மாவோடு வாதாடவில்லை. நிலையத்துக்குப் போன் போட்டு, தன் பெயர், ஓய்வு பெற்ற பதவி, பொருள் என்ன, யார் வாங்கியது, எத்தனை மணிக்கு வருகிறோம், காரின் நம்பர் என்ன என்று எல்லாம் சொன்னார். மேகசினைத் தனியாக, துப்பாக்கியைத் தனியாக, இரண்டையும் வந்த பெட்டியிலேயே வைத்து டேப் ஒட்டினார். பெட்டி கார் பூட்டில். "யாரும் உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது. நான் வெறுங்கையோட போய்ச் சொல்றேன். அவங்க வந்து எடுத்துக்கட்டும்."

எல்லோரும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களுக்கு ஒரு மாமா இருந்தார். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். மூன்று மணி நேரம் ஆனது, வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள், பையனின் போனில் இருந்த ரசீதைப் படம் எடுத்தார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. போட்டிருந்தாலும் நாங்கள் வாய் திறந்திருக்க முடியாது.

மாமா உள்ளே போன ஐந்தாவது நிமிடம் ஓர் இளம் கான்ஸ்டபிள் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார். அக்கா மகனைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்: பிளாஸ்டிக், ஜெல், காலி. பூட்டைத் திறந்தேன். அவர் டேப்பைப் பிரித்தார். எங்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். பையன் பின்வாங்கி என் தோளோடு ஒட்டி நின்றான். கான்ஸ்டபிள் துப்பாக்கியை எடுத்து, விரலை நீட்டியே வைத்து, மதில் பக்கம் திருப்பி, மேகசின் இல்லாத பிடியின் அடியைப் பார்த்தார். ஸ்லைடை இழுத்தார். உள்ளே பார்த்தார். போன் விளக்கைப் போட்டு மறுபடி ஒரு தடவை பார்த்தார்.